இக்காரஸின் கிழிந்த இறக்கை

நேற்று இரவு கம்பளித் துணிகளுக்கு நடுவிலிருந்து நான் பழுதுபார்த்த பழைய அச்சுப்படத் தாளை எடுத்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அதில் கிரேக்கப் புராணச் சிறுவன் இக்காரஸின் இறக்கைக்குள் ஓடிய கிழிசல் வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. லென்ஸ் வைத்தால் தெரிகிறது. அது போதும். ஆனால் தாளின் வலது ஓரத்தில், செப்புத் தகட்டின் விளிம்பு அழுந்தியிருந்த பள்ளம் பாதிக்கு மேல் போய்விட்டது. அது முந்நூறு வருடத்தில் போனது அல்ல, டிசம்பரில் என் கையால் ஒரே ராத்திரியில் போனது. நல்லபடியாக முடிந்தது, கெட்டுப்போனது இரண்டையுமே வரிசையாக எழுதி வைக்கிறேன்.

ஆம்ஸ்டர்டாமில் ஸ்பௌ சதுக்கத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பழைய புத்தகச் சந்தை கூடும். சென்ற அக்டோபரில் அங்கே ஓர் அட்டைப் பெட்டிக்குள் இந்த ஒற்றைத் தாள் கிடந்தது. பெர்னார் பிக்கார் வரைந்து, தன் பட்டறையில் செப்புத் தகட்டில் வெட்டுவித்த படம். பிக்கார் 1673இல் பாரிஸில் பிறந்தவர். புராட்டஸ்டன்ட் நம்பிக்கைக்காக ஊரை விட்டு நெதர்லாந்துக்கு வந்து, 1733இல் ஆம்ஸ்டர்டாமிலேயே இறந்தார். அதே ஆண்டு இங்கே வெளியான 'கலைத் தேவியரின் கோயில்' என்ற பெரிய புத்தகத்தில் கிரேக்க ரோமானியப் புராணக் காட்சிகளாக அறுபது படங்கள் உண்டு. ஒவ்வொன்றையும் சுற்றி, மரச்சட்டம் போட்டதுபோல ஓர் அலங்காரச் சட்டமும் தகட்டிலேயே வெட்டப்பட்டிருக்கும். அடியில் பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன், டச்சு என நான்கு மொழிகளில் தலைப்பு. யாரோ அந்தப் புத்தகத்தைப் பிரித்துத் தாள் தாளாக விற்றிருக்கிறார்கள்.

என் கையில் இருப்பது இக்காரஸ் விழும் காட்சி. ரோமானியக் கவி ஓவிட் எழுதிய 'உருமாற்றங்கள்' எட்டாம் காண்டத்தில் வருவது. கிரீட் தீவில் சிறைப்பட்ட டைடலஸ் இறகுகளைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நூலாலும் அடியில் மெழுகாலும் கட்டி, தனக்கும் மகன் இக்காரஸுக்கும் இறக்கை செய்கிறார். மகன் சூரியனுக்குப் பக்கத்தில் போக, மெழுகு உருகுகிறது. சூரியனை நெருங்கிச் சிறகு கருகிய கதை நமக்குப் புதிதல்ல. கம்பனில் சம்பாதி தன் தம்பி சடாயுவை மறைத்துக்கொண்டு தான் வெந்து விழுகிறான். வானரர் இராமன் பெயரைச் சொன்னதும் அவனுக்குச் சிறகு திரும்ப முளைக்கிறது. ஓவிட்டில் முளைப்பதில்லை. முன்னால் பறந்த அப்பா திரும்பிப் பார்க்கிறார், பிள்ளை இல்லை, அலைமேல் இறகுகள் மட்டும் கிடக்கின்றன. இந்த இடத்துக்காகத்தான் அந்தத் தாளை வாங்கினேன். விலை 35 யூரோ. அவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் அதன் நிலைமை.

வீட்டில் வைத்து அளந்தேன். வலது ஓரத்திலிருந்து உள்ளே 9 செ.மீ. கிழிசல், நேராக இறக்கைக்குள் போய் நிற்கிறது. பின்பக்கம் அதன்மேல் 14 செ.மீ. நீளத்துக்குச் செலோடேப். டேப்பின் பசை தாளுக்குள் இறங்கி, முன்பக்கம் பழுப்புப் பட்டையாகத் தெரிந்தது. இந்த வகை டேப் 1930இல்தான் விற்பனைக்கு வந்தது. அதனால் இந்தக் காரியத்தைச் செய்தது பழைய காலத்து ஆள் இல்லை. கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குத் தாளே இல்லை. மேல்பாதி முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். ஒரு துளி நீர் விட்டு அமிலத்தாளால் ஒற்றிப் பார்த்ததில் 5 காட்டியது; 7க்குக் கீழே என்றால் அமிலம்.

முதல் வேலை உலர் சுத்தம். வெள்ளை அழிப்பானைக் காய்கறி துருவுகிற மாதிரி மெல்லிய துருவியில் துருவி, அந்தத் தூளை வெள்ளை ஓரங்களில் தூவி, விரல் நுனியால் வட்டமாக உருட்டினேன். அழுத்தக் கூடாது, தூள்தான் உருள வேண்டும். சாம்பல் நிறமானதும் மென்மையான தூரிகையால் தள்ளிவிட்டு அடுத்த பிடி. நாற்பது நிமிடம். படத்தின் மேல் கை வைக்கவில்லை, மை உயர்ந்து நிற்கும் இடத்தில் உரசினால் கோட்டின் முதுகு தேயும்.

அப்புறம் டேப். இங்கேதான் முதல் தவறு. முடி உலர்த்தியால் சூடு காட்டி ஒரு முனையைத் தூக்கி இழுத்தேன். வந்தது. வந்த வேகத்தில் சந்தோஷப்பட்டு 3 செ.மீ. இழுத்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது டேப்பின் அடியில் வெள்ளை நார் ஒட்டியிருந்தது. தாளின் பின்பக்கத் தோல் உரிந்து, அந்த இடம் பூண்டுத் தோல் மாதிரி மெலிந்துவிட்டது. அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, துணி ஒட்டுவேலைக்காரர்கள் வைத்திருக்கும் கையளவு இஸ்திரிப்பெட்டி ஒன்றை 29 யூரோவுக்கு வாங்கினேன். குறைந்த சூட்டில், நடுவில் சிலிக்கோன் பூசிய தாள் வைத்து, டேப்பின்மேல் பத்து எண்ணும் வரை வைத்திருந்தேன். எடுத்த உடனே கத்தி போலத் தட்டையான மெல்லிய கரண்டியை டேப்புக்கும் தாளுக்கும் நடுவில், தாளோடு ஏறக்குறைய படுக்கையாக நுழைத்தேன். மேலே தூக்குவதே இல்லை, கரண்டி முன்னால் போகும்போது டேப் தானாகப் பின்னால் மடிந்து வரும். ஒரு தடவைக்கு 4, 5 மி.மீ. மிச்சமிருந்த 11 செ.மீ. வர ஒன்றரை மணி நேரம். ஒரு நார்கூட வரவில்லை.

டேப் போன பிறகும் பசை இருந்தது. சூட்டில் இளகி, மஞ்சளாக, விரலுக்கு அப்படியே மெழுகு போல. ஓவிட்டில் ஓர் இடம் இருக்கிறது: அப்பா இறக்கை கட்டிக்கொண்டிருக்க, சிறுவன் பக்கத்தில் நின்று மஞ்சள் மெழுகைக் கட்டைவிரலால் பிசைந்து விளையாடி வேலைக்கு இடைஞ்சல் செய்கிறான். என் கட்டைவிரலில் ஒட்டியிருந்த பசையை உருட்டிக்கொண்டே நான் அந்த வரிகளை நினைத்தேன். என்ன வரப்போகிறது என்று தெரியாத பிள்ளையின் விளையாட்டு அது. அந்தக் கவிதையில் என்னை மிகவும் தொட்ட இடம்.

பசையின் மேல்பகுதியை ரப்பர் கட்டியால் உருட்டி எடுத்தேன். தாளுக்குள் இறங்கியதற்கு அசிட்டோன். ஜன்னல்களைத் திறந்துபோட்டு, அடியில் ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர் வைத்து, பஞ்சுக்குச்சியால் பின்பக்கம் மட்டும் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு முறையும் அடித்தாளை நகர்த்தினேன். காப்பி நிறம் வைக்கோல் நிறமானது. அதற்கு மேல் போகவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

அந்தப் புள்ளிகளை என்ன செய்வது என்று யோசித்து, 3 யூரோவுக்கு ஒரு சிதைந்த பழைய புத்தகம் வாங்கி, அதன் தாளில் ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்டுப் பார்த்தேன். புள்ளி வெளுத்தது. கூடவே சுற்றியிருந்த தாளும் வெளுத்து, பழுப்புப் புள்ளி இருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி உட்கார்ந்தது. பார்வைக்கு முன்னைவிட மோசம். அன்றோடு வெளுப்பு என்ற எண்ணத்தையே விட்டேன். முந்நூறு வருடத் தாளுக்கு அதன் நிறம் இருக்கட்டும், அழுக்கும் அமிலமும் மட்டும் போகட்டும் என்று முடிவு செய்தேன். தண்ணீரே போதும்.

இந்தக் காலத்துத் தாள் கந்தல் துணியை இடித்துக் கூழாக்கி, கம்பிச் சல்லடையில் அள்ளிச் செய்தது. வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடையின் கம்பிக் கோடுகள் தெரியும். மரக்கூழ்த் தாளைவிடத் தண்ணீரை நன்றாகத் தாங்கும். அச்சு மை ஆளிவிதை எண்ணெயில் கரியைக் குழைத்தது, தண்ணீரில் கரையாது. இருந்தாலும் மூன்று இடத்தில் துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து ஒற்றிப் பார்த்தேன். ஒற்றிய தாளில் கறுப்பு வரவில்லை. சரி, இறங்கலாம்.

புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் பெரிய தட்டில் கனிமம் நீக்கிய தண்ணீர், கை பொறுக்கும் வெதுவெதுப்பில். தாளுக்கு அடியிலும் மேலேயும் பாலியெஸ்டர் வலைத்துணி, ஈரத்தாளைத் தனியாகத் தூக்கினால் தன் எடையிலேயே கிழியும். முக்குவதற்கு முன் சரிபாதி எத்தனாலும் தண்ணீரும் கலந்து தெளித்தேன். புள்ளி விழுந்த இடங்கள் தண்ணீரை வேகமாகக் குடிக்கும், மற்ற இடங்கள் மெதுவாகக் குடிக்கும். இதைத் தெளித்தால் எல்லாம் ஒன்றாக நனையும்.

ஐந்து நிமிடத்தில் தாளின் விளிம்பிலிருந்து மஞ்சள் இறங்க ஆரம்பித்தது. புகை போல மெதுவாகச் சுழன்று தட்டின் அடியில் படிந்தது. இருபத்தைந்து நிமிடத்தில் தண்ணீர் இரண்டாம் டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது தண்ணீர் வெளிர் மஞ்சள். மூன்றாவதில் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஒவ்வொரு மில்லியாக விட்டு, அமிலத்தாள் 8 காட்டியதும் நிறுத்தி, அரை மணி நேரம். வெறும் கனிமம் நீக்கிய தண்ணீர் தாளில் இருக்கும் கால்சியத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்பு அதைத் திருப்பிக் கொடுப்பதோடு, இனி ஊறும் அமிலத்துக்கும் கொஞ்சம் தடுப்பாக இருக்கும். தட்டுக்குள் கிடந்த அந்தப் படத்தைப் பார்க்க எனக்குப் பெரிய நிறைவு. கடலில் விழுகிற பையன், உண்மையாகவே தண்ணீருக்குள், மேலே வலைத்துணியின் நிழலோடு.

இனி வருவது நான் செய்த பெரிய தவறு. செப்புத்தகட்டு அச்சில் கோடுகள் தகட்டுக்குள் பள்ளமாக வெட்டப்பட்டிருக்கும். மையைப் பூசி, மேல்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைக்கு நடுவில் ஓட்டுவார்கள். தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். அதனால் ஒவ்வொரு கோடும் தாளின்மேல் நூலிழை போலப் புடைத்து நிற்கும். தகட்டின் விளிம்பும் நாலு பக்கமும் ஒரு படி போல அழுந்தியிருக்கும். செப்புத் தகட்டிலிருந்து வந்த அச்சு என்பதற்கு அந்தப் படிதான் அடையாளம். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும், தண்ணீரிலிருந்து எடுத்த தாள் சுருங்கிவிடுமோ என்ற பயத்தில், நேராக இரண்டு பிளாட்டிங் பேப்பருக்கு நடுவில் வைத்து, மேலே கண்ணாடிப் பலகை, அதன்மேல் 12 கிலோ புத்தகம் ஏற்றினேன். மறுநாள் காலையில் தாள் மேசைக்கண்ணாடி போலத் தட்டையாக இருந்தது. எடை அதிகம் விழுந்த வலது பக்கத்தில் விரலை ஓட்டினேன். படியே தட்டுப்படவில்லை.

வெகுநேரம் அந்த ஓரத்திலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தேன். 1731 என்று படத்துக்குக் கீழே ஆண்டு இருக்கிறது. அந்த அழுத்தம் ஆம்ஸ்டர்டாமில் யாரோ ஓர் அச்சுக்காரர் உருளையின் கைப்பிடியை இழுத்துச் சுற்றியபோது விழுந்தது. அதை யாராலும் திரும்பப் போட முடியாது.

முடிந்தவரை மீட்டேன். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஈர பிளாட்டிங் பேப்பர், அதன்மேல் ஒரு கம்பித்தட்டு, அதன்மேல் தாள். தண்ணீர் தொடாமல் ஈரக்காற்று மட்டும் இரண்டு மணி நேரம். பிறகு தடித்த கம்பளித் துணிகள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு மரப்பலகை மட்டும், ஒன்றரை கிலோ இருக்கும். கம்பளி புடைப்புகளுக்கு இடம் விட்டுக் கொடுக்கும், கண்ணாடி கொடுக்காது. இடது பக்கமும் மேல் பக்கமும் படி நன்றாகத் திரும்ப எழுந்தது. கோடுகளின் புடைப்பும் ஓரளவு வந்தது. வலது பக்கத்தில் பாதிக்கும் குறைவு.

ஒட்டும் வேலைக்கு ஜனவரி. பசை, கோதுமையின் புரதத்தைக் கழுவிய பிறகு கிடைக்கும் மாவுச்சத்து. ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் அரை மணி நேரம் கைவிடாமல் கிளறி, கண்ணாடி போலத் தெளிந்ததும் இறக்கி, ஆறிய பின் சல்லடையில் இரண்டு முறை தேய்த்து, தண்ணீர் விட்டு மோர் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். நம் ஊர் பைண்டிங் கடைகளில் மைதாப் பசையில் பூச்சி வராமல் மயில் துத்தம் போடுவார்கள். இங்கே அதைச் சேர்க்கக் கூடாது, அதில் இருக்கும் தாமிரம் பழைய தாளைச் சீக்கிரம் இற்றுப்போக வைக்கும். தேவைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சி, மூன்று நாளில் மிச்சத்தைக் கொட்டிவிடுவதே நல்லது.

ஒட்டுத்தாள் ஜப்பானியக் கோசோ தாள், ஒருவகை முசுக்கட்டை மரப்பட்டை நாரில் செய்வது. கத்தரியால் வெட்டாமல், ஈரத் தூரிகையால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் இழுத்துப் பிரித்தால் விளிம்பில் நார்கள் மீசை போல நிற்கும். ஒட்டின விளிம்பு முன்பக்கம் காட்டாமல் இருப்பது இந்த நாரால்தான். 6 மி.மீ. அகலம், 3 செ.மீ. நீளத் துண்டுகள். ஒரே நீளத் துண்டாக வைத்தால் காயும்போது இழுக்கும்.

கிழிசலைச் சேர்ப்பதற்கு வெளிச்சப்பலகை மேல் தாளைக் கவிழ்த்து வைத்தேன். அடியிலிருந்து வெளிச்சம் வருவதால் முன்பக்கக் கோடுகள் பின்பக்கமே தெரியும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் இறக்கையின் நிழல் முழுக்க இணைகோடுகள். ஒவ்வொரு கோடும் ஊசிமுனையாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி ஊசியாக முடிகிறது. கோட்டுக்குக் கோடு இடைவெளி ஏறக்குறைய அரை மி.மீ. கிழிசலின் இரு பக்கமும் கோடு கோட்டோடு சேரும்படி நகர்த்தி, பசை தடவி, துண்டு வைத்து, எலும்புக் கத்தியால் தேய்த்து, சின்ன எடை வைத்தேன். எல்லாக் கோடும் பொருந்தியது. தூங்கப் போனேன்.

காலையில் முன்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஏதோ தவறாக இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. கோடுகளில் ஒரு முறிவும் இல்லை. ஆனால் ஒரு பெரிய இறகின் வெளிவிளிம்பு கிழிசலைத் தாண்டும்போது மெல்லியதாக ஒரு படி இறங்குகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் பிக்காரின் அச்சுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் இறகுகளையும் துணி மடிப்புகளையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தபோது புரிந்தது. அவர் பட்டறையில் நிழல்கோடுகள் எங்கேயும் வடிவத்தின் விளிம்பைத் தாண்டி வழிவதில்லை. என் தாளில் ஒரு கோடு வழிந்தது. நான் முழுசாக ஒரு கோடு தள்ளி ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கோடும் தன் பக்கத்துக் கோட்டோடு சேர்ந்து நின்றதால் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கிறது.

பசை மாவுச்சத்து என்பதால் தப்பித்தேன். ஈரப் பஞ்சை ஒட்டின்மேல் பத்து நிமிடம் வைத்ததும் இளகிக் கழன்றது. இரண்டாம் முறை நிழல்கோடுகளைப் பார்க்கவே இல்லை. இறகின் வெளிவிளிம்பு, இறக்கையின் மேல்கோடு, சட்டத்தின் உள்கோடு ஆகிய மூன்றை மட்டும் சேர்த்தேன். நிழல்கோடுகள் தானாக வந்து உட்கார்ந்தன. இன்னொன்றும் கவனித்தேன்: கிழிசலின் வாய் நேராக இல்லை, சரிவாக இருக்கிறது. எந்த உதடு மேலே, எது கீழே என்று பார்த்து வைக்காவிட்டால் முன்பக்கம் வெள்ளைக் கோடு தெரியும். உரிந்த 3 செ.மீ. இடத்துக்கு மிக மெல்லிய கோசோவை நீர்த்த பசையில் போர்த்தினேன்.

கீழ் மூலைக்கு வேறு தாளில் ஒட்டுப் போட வேண்டும். டீயில் நனைத்து நிறம் ஏற்றலாம் என்று தொடங்கி, காய்ந்ததை அளந்தால் அமிலம் காட்டியது, தூக்கிப் போட்டேன். நீர்வண்ணத்தில் பழுப்பும் சாம்பலும் கலந்து தடவியதில் ஐந்தாவது துண்டு நிறம் சேர்ந்தது. அந்த மூலையில் அலங்காரச் சட்டத்தின் ஒரு சுருள் பாதியில் நிற்கிறது. அதை நான் வரைந்து முடிக்கவில்லை. பிக்காரின் பட்டறை வெட்டாத கோட்டை அவர் தாளில் போட எனக்கு மனம் வரவில்லை.

கழுவியதில் தாளின் பழைய ஜெலட்டின் கஞ்சி கொஞ்சம் போய், தாள் தொய்வாக இருந்தது. அரை லிட்டர் வெந்நீரில் 5 கிராம் ஜெலட்டின் கரைத்து, ஒட்டு நனையாதபடி அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் தூரிகையால் தடவினேன். இதைக் கழுவிய கையோடு, ஒட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். கம்பளிக்கு நடுவில் மூன்று வாரம் இருந்து, நேற்று எடுத்தேன். இப்போது தட்டினால் பழைய தாளின் அந்த மெல்லிய சடசடப்பு கேட்கிறது.

செலவு, தாள் நீங்கலாக 179 யூரோ. இஸ்திரிப்பெட்டிக்கு அடுத்தபடியாக வெளிச்சப்பலகை 24, பத்து பிளாட்டிங் பேப்பர் 22, கம்பளி 18, லென்ஸ் 16, கோசோ 14. மாவுச்சத்து 8 யூரோவுக்கு நூறு கிராம், அதில் பத்து கிராம்கூடத் தீரவில்லை. நேரம் வார இறுதிகளாக நான்கு மாதம், வேலை மட்டும் கணக்கிட்டால் நாற்பது மணி நேரம் இருக்கும்.

அடுத்த முறை கண்ணாடிப் பலகை அந்த அறைக்குள்ளேயே வராது. தண்ணீரிலிருந்து எடுத்ததும் முதலில் வலைத்துணி மேல் காற்றில், பாதி ஈரம் போகும் வரை. பிறகு கம்பளி, பிறகு பலகை. நனைப்பதற்கு முன்பே நாலு ஓரத்தையும் சாய்வு வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்வேன். என்ன இருந்தது என்பதற்கு இப்போது என்னிடம் விரலின் ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது.

அதே பெட்டியில் ஃபேத்தன் விழும் தாளும் இருந்தது, சூரியனின் தேரை ஓட்டிப் பார்த்த இன்னொரு பிள்ளை. போன வெள்ளிக்கிழமை போய் வாங்கி வந்துவிட்டேன். அதன் முதுகிலும் டேப், இரண்டு இடத்தில். கம்பளியை அதன் அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறேன்.